மாரிக்கூழ் மாசியிலேயே தொடங்குகிறது

ஐப்பசி முடிந்து வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் குடாநாட்டிலும் வன்னியிலும் எமது குடும்பங்களின் நாளாந்த ஒழுங்கு மாறிவிடுகிறது. பெரும்போக விதைப்பு முடிந்திருக்கும். விடாது மழை பெய்யும் நாட்களில் தோட்டத்தில் கால் வைக்க முடியாது. கூலி வேலையும் கிடைக்காது. கடலுக்குப் போவோரும் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிடுவர். சனி, ஞாயிறு என்றால் பிள்ளைகளும் வீட்டில் நிற்பார்கள். ஆண்டு முழுவதும் ஆளுக்கொரு திசையில் ஓடித்திரியும் குடும்பம், ஒன்றாக அடுப்படியை நாடி வருவது இந்தக் காலத்தில்தான். ஒடியற்கூழ், இலைக்கஞ்சி, குரக்கன் பிட்டு, உழுத்தங்களி, மிளகும் உள்ளியும் தட்டிப்போட்ட இரசம் என்று, இந்தக் குளிருக்கென்றே எமது முன்னோர் ஆக்கி வைத்த உணவுகள் பல உண்டு.

"காணி இல்லை, தொழில் இல்லை, ஒழுகாத கூரை இல்லை. இந்த நிலையில் கூழைப் பற்றியும் கஞ்சியைப் பற்றியும் எழுத வேண்டுமா?" என்று வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. நாமும் முன்னர் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஒரு மூதாட்டியின் வார்த்தைதான் எம்மை மாற்றியது.

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் சத்துணவு பற்றிய ஒருநாட் பயிற்சி நடத்தினோம். எம்மில் ஒருவர் கரும்பலகையில் ஒடியற்கூழ் செய்யும் முறையை வரிசையாக எழுதிக்கொண்டு போனார். தாய்மார் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தனர். பின்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி மட்டும் எழும்பி, "பிள்ளை, கூழ் காய்ச்ச எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒடியல் எங்க கிடக்கு? அதைச் சொல்லு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் திரும்பி வரும் வழியில் எமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆச்சி கேட்ட கேள்விக்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை.

ஒரு பானைக்குள் ஓர் ஆண்டு

ஒடியல் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்போம். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். பழத்தைப் பிசைந்து களியெடுத்துப் பனாட்டுப் போட்டபின், விதைகளைச் சேர்த்து வைத்துப் பாத்தி போடுவோம். மழை விழுந்ததும் விதை முளைத்து, கிழங்கு மண்ணுக்குள் இறங்கும். தை, மாசியில் பாத்தியைக் கிண்டிக் கிழங்கு எடுப்போம். அவித்துத் தின்றது போக, பச்சைக் கிழங்கைக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். நன்கு காய்ந்த ஒடியலைக் கடகத்திலோ பானையிலோ கட்டி வைத்தால் அடுத்த மாரி வரை கிடக்கும். வேண்டும்போது இடித்து மாவாக்கலாம். கிழங்கு தந்த விதையின் ஓடும் வீணாவதில்லை. அந்த ஊமல் காய்ந்து மழைக்கால அடுப்புக்கு விறகாகிறது.

ஆகவே கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காய்ச்சும் கூழ், மாசி மாதத்து வெயிலிலேயே தொடங்கிவிடுகிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அதற்கு முந்திய ஆவணியில் பழம் பொறுக்கிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

கூழுக்குப் போடும் மற்றப் பொருட்களும் இப்படியே. புளியைக் கோடையில் உடைத்துக் கொட்டை நீக்கி, உப்பிட்டு உருட்டி வைப்போம். மிளகாயை வெயிலில் செத்தலாக்குவோம். வேப்பம்பூ வடகமும் மோர்மிளகாயும் கருவாடும் வெயில் காலத்தின் சேமிப்புகளே. மழையை நம்பி விதைத்து மாரி கழிய அறுக்கும் குரக்கனோ, கதிரோடு நன்கு காயவைத்தால் பல ஆண்டுகள் பூச்சி பிடிக்காமல் கிடக்கும் தானியம்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்போக நெல் வீட்டுக்கு வருவது தை, மாசியில். அது கார்த்திகை, மார்கழியில் அடிப்பானைக்கு வந்துவிடும். வயலில் பயிர் பச்சையாக நிற்கும், வீட்டில் அரிசி இருக்காது. இந்த இடைவெளியை நிரப்பவே ஒடியலும் குரக்கனும் மரவள்ளியும் பயறும் எமது வீடுகளில் இருந்தன. கூழ் என்பது ருசிக்காக மட்டும் பிறந்த உணவல்ல. கையிருப்பு குறையும் மாதத்தை ஒருவரும் பட்டினி கிடக்காமல் கடப்பதற்கு, கமக்காரக் குடும்பங்கள் கண்ட வழி அது. கொஞ்ச மாவையும் நிறையத் தண்ணீரையும், வேலியில் கிடைத்த இலையையும், அன்று கரையில் மலிந்த மீனையும் சேர்த்து ஒரே பானையில் காய்ச்சினால் ஆறு பேர் வயிறு நிறையக் குடிக்கலாம். எதிர்பாராமல் ஒருவர் வந்துவிட்டாலும் இன்னொரு செம்பு தண்ணீர் போதும்.

இடப்பெயர்வு எதைப் பறித்தது?

இடப்பெயர்வு எமது வீட்டையும் காணியையும் மாட்டையும் பறித்தது என்று நாம் கணக்குச் சொல்கிறோம். இழப்பீட்டுப் படிவங்களிலும் அவற்றுக்கென்றே கோடுகள் உண்டு. அந்தப் படிவங்களில் எழுத முடியாத ஓர் இழப்பும் இருக்கிறது. வருகிற மாரியில் எங்கே இருப்போம் என்று தெரியாதவன் இந்த மாசியில் ஒடியல் காயவைக்க மாட்டான். ஆண்டு முழுவதையும் ஒரு கணக்காகப் பார்த்து வாழும் பழக்கம் எம்மைவிட்டுப் போய்விட்டது. அதுதான் பெரிய இழப்பு என்பது எமது கருத்து.

எமது பெயர்வுகள் எல்லாம் எந்த மாதங்களில் நடந்தன என்று பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்ட சிறு பொருட்களோடு மாரி தொடங்கும் வேளையில் புத்தளம் நோக்கிப் போனார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அன்றும் மழை. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தபோதும் மார்கழி மாதமே. சேமித்ததை உண்ண வேண்டிய மாதங்களில், சேமித்ததை விட்டுவிட்டு ஓடினோம். 2009இல் மாணிக் பாமுக்குப் போனவர்களுக்கு விட்டுச்செல்லவும் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

அதன்பின் நாம் வரிசையில் நின்று உண்ணப் பழகினோம். பொதுச் சமையலில் தந்த சாப்பாடு உயிரைக் காத்தது. அதை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் தன் பிள்ளைக்கு எவ்வளவு உப்பு, எவ்வளவு உறைப்பு என்று தீர்மானிக்கும் உரிமை தாயின் கையிலிருந்து அன்று போனது. பின்னர் உலர் உணவு கொடுத்தார்கள். மூன்று கல் வைத்து, தறப்பாளின் ஓரத்தில் ஒரு தாய் தன் பானையை மீண்டும் ஏற்றிய நாள், முகாமில் இருந்த பலருக்கு இன்றும் நினைவிருக்கும். கறி என்று சொல்ல ஒன்றுமில்லாத பருப்பும் சோறும்தான். ஆனால் அது அவர்களுடைய வீட்டுச் சாப்பாடு.

நிவாரணத்தோடு வந்த இன்னொன்று கோதுமை மா. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. முழுவதும் கப்பலில் வருகிறது. அது எமது பசியைப் போக்கியது உண்மை. ஆனால் அதிலேயே காலையும் மாலையும் பழகிய பிள்ளைகள் இன்று பாணையும், சுடுநீர் ஊற்றியதும் வெந்துவிடும் நூடில்ஸ் பைக்கற்றையும் மட்டுமே சாப்பாடு என்று எண்ணுகின்றனர். வேலைக்குப் போய்க் களைத்து வந்து பாண் வாங்கிக் கொடுக்கும் தாயை நாம் ஒருபோதும் குறைகூற மாட்டோம். அவளுடைய நாளில் மணித்தியாலங்கள் போதாது. எனினும் 2022இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாமல், கோதுமை மாவின் விலையும் பாணின் விலையும் கைக்கெட்டாமல் போனபோது நாம் எதைத் தேடினோம்? விறகடுப்பையும் மரவள்ளியையும் முருங்கையிலையையும்தான் தேடினோம். 1990களில் வடக்குக்கு மண்ணெண்ணெயும் உரமும் பிற பொருட்களும் தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளிலும் எம்மைத் தாங்கியவை பனையும் வேலியும்தான். ஆபத்துக் காலத்தில் மட்டும் தேடிப்போய், ஆபத்து நீங்கியதும் அவற்றை ஏழையின் சாப்பாடு என்று ஒதுக்கிவிடுவது நன்றிகெட்ட செயல். அடுத்த ஆபத்தில் எம்மைக் கையறு நிலையில் நிறுத்தும் செயலும் அதுவே.

இருப்பதைக் கொண்டு செய்யக்கூடியவை

இழந்த ஆண்டு ஒரே நாளில் திரும்பி வராது. ஆனால் ஒரு பானையில் தொடங்கலாம். ஓர் அடுப்பும் ஒரு பாத்திரமும் மட்டுமுள்ள குடும்பங்களையும் மனதில் வைத்து மூன்று உணவுகளை இங்கே சொல்கிறோம். தெரிந்தவர்கள் தெரியாத இளந்தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

முதலாவது, இலைக்கஞ்சி. இதற்குச் சேமிப்புத் தேவையில்லை, மழையே போதும். மாரி தொடங்கியதும் வேலிகளில் முசுட்டை படரும். முருங்கை தளிர்க்கும். வல்லாரை, தூதுவளை, முடக்கொத்தான் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ஒரு சுண்டு அரிசியும் ஒரு பிடி பயறும் எட்டுச் சுண்டு தண்ணீரில் நன்கு குழைய வேகட்டும். குறுணல் அரிசியானாலும் குறைவில்லை. இரண்டு பிடி இலையைக் கழுவி, கொஞ்சத் தேங்காய்ப்பூவோடு இடித்துச் சாறு பிழிந்து கடைசியில் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். உப்பிட்டு, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடலாம். ஒரு கடி பனங்கட்டியோடு குடித்தால் பிள்ளைகளும் மறுக்கமாட்டார்கள். புதிய இடத்தில் குடியிருப்போர், தமக்கு நன்கு தெரிந்த இலைகளை மட்டுமே பறிக்கவேண்டும். தெரியாததை ஊர்க்காரரிடம் காட்டிக் கேட்டபின் பாவிக்கலாம். அப்படிக் கேட்கப் போவதே அயலோடு பழகுவதற்கு ஒரு நல்ல வழியுமாகும்.

இரண்டாவது, குரக்கன் பிட்டு. குரக்கன் மாவும் அவித்த கோதுமை மாவும் சரிக்குச் சரி எடுத்து, உப்புக் கலந்த தண்ணீர் தெளித்துக் குழைத்துக் கொத்தி, தேங்காய்ப்பூச் சேர்த்து நீற்றுப்பெட்டியில் அவிக்க வேண்டும். நீற்றுப்பெட்டி இல்லாவிட்டால் பானை வாயில் துணி கட்டியும் அவிக்கலாம். கடையில் வாங்கும் கோதுமை மாவும் இதனால் பாதியாகக் குறையும். நூறு கிராம் குரக்கனில் சுமார் 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவிலேயே இருக்கிறது. பால் வாங்க வசதியற்ற வீட்டில், வளரும் பிள்ளையின் எலும்புக்கும் பாலூட்டும் தாய்க்கும் இது எத்தனை பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. குழம்பு இல்லாவிட்டாலும் ஒரு சம்பலோடு இறங்கிவிடும்.

மூன்றாவது, ஒடியற்கூழ். ஆறு பேருக்கு ஒரு சுண்டு ஒடியல் மா போதும். மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை வடித்து ஊற்ற வேண்டும். இப்படி இரண்டு முறை செய்வது நல்லது. கயர்ப்பு நீங்குவதற்கும் உடம்புக்கு ஒவ்வாதது கழிவதற்கும் இது அவசியம். அவசரப்பட்டு இதைத் தவிர்க்கக்கூடாது. எட்டுச் சுண்டு தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை ஆகியவற்றை அவியவிட்டு, பின்னர் சிறுமீனோ நண்டோ இறாலோ போடுங்கள். மரவள்ளி சேர்ப்பதானால் தோலை நன்கு உரித்து, தனியே மூடாமல் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட்டே சேர்க்க வேண்டும். செத்தல்மிளகாயை அரைத்து, பழப்புளியோடு கரைத்து விடுங்கள். கடைசியாக ஊறிய மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடியாமல் துழாவி, நன்கு கொதித்துத் தடித்ததும் ஒரு பிடி முருங்கையிலை போட்டு இறக்கலாம். மீன் வாங்க முடியாத கிழமையில் ஒரு துண்டு கருவாடு போதும். அதுவும் இல்லாவிட்டால் மரக்கறிக் கூழும் நல்ல கூழே. பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கொடுத்தால், பிள்ளைகள் இலைக்காகவே இரண்டாம் முறை கேட்பார்கள்.

இவை மூன்றும் கொதித்தும் அவிந்தும் இறங்கும் உணவுகள். கிணறுகள் நிரம்பி, வெள்ளமும் கிணற்று நீரும் கலந்து, வயிற்றோட்டம் பரவும் காலத்தில் இது சிறு விடயமல்ல. ஆனால் காய்ச்சிய அன்றே சூட்டோடு குடித்து முடிக்க வேண்டும். அடுத்த நாளுக்கு மிச்சம் வைக்கக்கூடாது. குடிநீரையும் கொதிக்க வைத்தே பாவிக்க வேண்டும். மழைக்கு முன்னரே பொச்சுமட்டை, ஊமல், பன்னாடை ஆகியவற்றைக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்தால், ஈரவிறகோடு போராடிக் கண்ணெரியும் துன்பம் பாதியாகும்.

எல்லாம் தாயின் தலையிலா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கூழ் ஆறுதல் தரும் உணவு என்று நாம் எழுதுகிறோம். யாருக்கு ஆறுதல்? ஒடியலை இடிப்பவள் ஒரு பெண். இலை பறிப்பவளும் அவளே. மழையில் தண்ணீர் அள்ளி, புகையில் நின்று துழாவி, எல்லோருக்கும் வார்த்து முடிய அடிப்பானையில் மிஞ்சியதைக் குடிப்பவளும் அவளே. போரில் கணவனை இழந்தோ, காணாமற்போனவரைத் தேடியோ தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் எமது கிராமங்களில் நிறைய உண்டு. அவர்களிடம் போய் "பாணை விடுங்கள், கூழ் காய்ச்சுங்கள்" என்று புத்தி சொல்வது கொடுமை.

ஆகவே எமது யோசனை வேறு. மழை நாளில் ஆண்களுக்கும் வேலையில்லை அல்லவா? விறகு கொத்துவதும், தேங்காய் துருவுவதும், மீன் வெட்டுவதும், பானையைத் துழாவுவதும் ஆண்கள் செய்யக்கூடாத வேலைகளா? கோயில் மடைக்கும் கலியாணச் சமையலுக்கும் ஆண்கள்தானே பெரிய கிடாரம் ஏற்றுகின்றனர். வீட்டுப் பானை அதைவிடப் பாரமானதல்ல. பிள்ளைகள் இலை ஆயட்டும், பலா இலை கோலட்டும். நாலைந்து வீடுகள் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு முற்றத்தில் காய்ச்சினால் செலவும் பிரியும், வேலையும் பிரியும். தனியே இருக்கும் முதியவருக்கும் ஒரு சிரட்டை கிடைக்கும்.

பழமையைப் பேசும்போது அதன் பிழையையும் சேர்த்தே பேச வேண்டும். அந்த நாட்களில் ஊர்கூடிக் கூழ் குடித்தோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். எல்லோருக்கும் ஒரே முற்றத்திலா, ஒரே பாத்திரத்திலா வார்த்தோம்? வேலிக்கு வெளியே நிறுத்தி, வேறு சிரட்டையில் வார்த்த வீடுகள் எமது ஊர்களில் இருந்தன. முகாமில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றபோது இந்த வேறுபாடு எங்கே போனது? ஊர் திரும்பியதும் அதைத் தேடி எடுத்துக்கொள்ள வேண்டுமா? கூழை மீட்போம், அந்த வேலியை மீட்கவேண்டாம்.

பொறுப்பிலுள்ளோருக்கு

உதவி செய்யும் நிறுவனங்களிடமும் அதிகாரிகளிடமும் நாம் கேட்பவை சில.

வெள்ளம், புயல், இடப்பெயர்வு எதுவானாலும் முதல் நாட்களில் சமைத்த உணவு வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் குடும்பங்கள் ஓரிடத்தில் தங்கியவுடன் உலர் உணவையும், ஒரு பானையையும், விறகையும், மழை படாத ஓர் அடுப்பிடத்தையும் கொடுக்க வேண்டும். உலர் உணவுப் பொதியில் மாவும் சீனியும் மட்டும் போதாது. பயறும் குரக்கனும் அயற்கிராமத்துக் கமக்காரரிடமே வாங்கப்பட்டால், ஒரு பொதியால் இரு குடும்பங்கள் வாழும்.

வீடு கட்டித்தரும்போது அடுப்படி எங்கே, புகை எந்தப் பக்கம் போகும், தானியமும் விறகும் எங்கே வைப்பது என்று வரைபடத்தை முடிவு செய்வதற்கு முன்பே வீட்டுப் பெண்களிடம் கேட்க வேண்டும். சேமிக்க இடமில்லாத வீட்டில் கடைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது காணி. பனம் விதை ஊன்றிக் காய் காண்பதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். இது தன்னுடைய மண், இதைவிட்டுத் தன்னை எவரும் எழுப்பமாட்டார் என்ற நம்பிக்கை உள்ளவனே பனை நடுவான். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. பனையைப் பற்றி நாட்டில் நிறையவே பேசியிருக்கிறோம். ஆனால் போரில் தறிபட்டும் எரிந்தும் போன பனைகளின் இடத்தில் மீண்டும் பனை நிற்க வேண்டுமானால், அந்த மண்ணுக்குரியவன் முதலில் அங்கே நிற்க வேண்டும். வலிகாமம் வடக்கில் 1990இல் எழும்பிய குடும்பங்களில், இன்றும் தம் காணிக்குள் கால் வைக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் புறப்பட்ட நாளில் ஒரு பனம் விதையை வேலியோரம் ஊன்றிவிட்டு வந்திருந்தால், அந்த மரம் வளர்ந்து, காய்த்து, எத்தனையோ ஆவணிகளில் பழம் சொரிந்திருக்கும். பொறுக்கத்தான் ஆளில்லை.

நாம் செய்யக்கூடியது

ஆச்சியின் கேள்விக்கு இப்போது எம்மிடம் ஒரு சிறு பதில் உண்டு. அது முழுப் பதிலல்ல. வருகிற ஆவணியில் பழம் விழும்போது, பனை நிற்கும் இடத்துக்கு உரியவரிடம் கேட்டு, விதை பொறுக்கிச் சேருங்கள். சொந்தக் காணி இல்லாதவர்கள் இரவல் வளவிலோ பொது இடத்திலோ அனுமதி பெற்று, சிலர் சேர்ந்து ஒரு பாத்தி போடலாம். பாத்திக்கு இருபது ஆண்டு தேவையில்லை, நாலைந்து மாதம் போதும். நல்ல விதைகளில் பத்தையாவது ஒதுக்கி, நிலையான இடத்தில் ஊன்றுங்கள். மாசியில் கிழங்கைக் கிழித்துக் காயவிடுங்கள். மூடியுள்ள ஒரு தகரம் நிறைய ஒடியல் சேர்ந்தால் அடுத்த மாரிக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமைக் கூழுக்குக் காணும்.

ஒரு தகரம் ஒடியலால் எமது பிரச்சினைகள் தீர்ந்துவிடப் போவதில்லை. ஆனால் மாசியில் அதைக் கட்டி வைக்கும் குடும்பம், கார்த்திகையில் தான் எங்கே இருக்கும் என்பதைத் தானே தீர்மானித்து விட்டது என்று அர்த்தம். நிவாரண வரிசையில் நின்று நாட்களை எண்ணிய நாம், மீண்டும் மாதங்களை எண்ணத் தொடங்குகிறோம். காணியைக் கேட்டு நிற்கும் எமது குரலுக்கும் அது வலுச் சேர்க்கும். வெளியே மழை கொட்டும்போது, அடுப்பைச் சுற்றியிருந்து பலா இலையில் ஊதி ஊதிக் குடிக்கும் பிள்ளைகளிடம், இந்தக் கூழ் எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுங்கள். எந்த ஊர், எந்த வளவு, எந்தப் பனை என்று பெயரோடு சொல்லுங்கள். போகவேண்டிய இடம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.